முத்திரையில் எழுந்த கடல்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மலைபோற் குவிந்து கிடந்த பொருள்கள்மீது சோழ அரசின் சுங்க அலுவலர் புலிச் சின்னம் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கடலினின்று நிலத்திற்கு வந்த பண்டமும் நிலத்தினின்று கடலுக்குச் செல்லும் பண்டமும் அந்தப் பொறி விழுந்த பின்னரே இடம் பெயர்ந்தன. முத்திரைக்கும் கடலுக்கும் தமிழர் வாழ்வில் அமைந்த உறவு அத்துணைப் பழமையுடையது. அவ்வுறவின் மிகச் சிறிய வடிவம் ஒன்றை இன்று பள்ளி மாணவி ஒருத்தியின் மேசைமீது காணலாம். இரண்டாக மடித்த தடித்த தாள். நீலம் ஊறிய மைப்பெட்டி. அலை, கிளிஞ்சல், மீன், பாய்மரம் ஆகியவை செதுக்கப்பட்ட நான்கைந்து இரப்பர் முத்திரைகள். இவற்றைக் கொண்டு கையால் ஆக்கப்பெறும் கடற்காட்சி வாழ்த்து மடலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். அம்மேசை பங்சாரில் கிடக்குமாயின், அம்முத்திரையின் வரலாற்றை அவ்வாறு எளிதாக ஒதுக்கிவிட இயலாது.

பங்சார் இன்று செல்வர் வாழும் இல்லங்களும் உணவகங்களும் நிறைந்த நகர்ப்பகுதி. 1998ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் தாங்கிய இலகு இரயில் நிலையமும் உண்டு. ஆயின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அது இரப்பர்த் தோட்டம். பெல்ஜிய நாட்டு வணிகர்களான எடுவார் புங்கே, ஆல்ஃபிரட் கிரிசார் ஆகிய இருவர் பெயரும் இணைந்து, புங்கே-கிரிசார் தோட்டம் என்பது நாளடைவில் பங்சார் எனத் திரிந்தது என்பது பரவலாக வழங்கும் விளக்கம். ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வழுக்கு நிலமே. எனினும் தோட்டம் இருந்ததும் அதில் தமிழர் பால் வெட்டியதும் ஐயத்திற்கு இடமற்றவை. இன்று கார்கள் நிற்கும் மேட்டு நிலங்களில் ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக் களம் கூடிற்று. தண்டல் பெயர் கூப்பிட்டார். உளியும் வாளியுமாக ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குப் பிரிந்தனர். மரத்திற்கு ஒரு மங்கு. மங்கில் சொட்டும் வெண்பால். வெட்டுக்கோட்டில் உறைந்ததைக் கூட வீணாக்காது உரித்தெடுத்த ஒட்டுப்பால். இப்பாலே உலகின் டயராகவும் குழாயாகவும் ஆயிற்று. அலுவலகந்தோறும் மேசைமேல் அமர்ந்த முத்திரையாகவும் ஆயிற்று.

இரப்பர் என்ற பெயருக்குக் காரணமே தாளோடு அதற்கிருந்த உறவுதான். பென்சிற் கோட்டைத் தேய்த்து அழிக்கும் ஆற்றல் அதற்குண்டு என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர் குறித்துவைத்தார். தேய்ப்பது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அதன் பெயராயிற்று. பச்சை இரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். முத்திரைக்கு அது பயன்படாது. 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர் அதனோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றி நிலைத்த தன்மை உடையதாக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே, 1860களில், அமெரிக்காவில் இரப்பர் முத்திரை வழக்கிற்கு வந்தது. முதலிற் செய்தவர் யார் என்பதில் அந்நாட்டார்க்குள்ளேயே வழக்குண்டு. எழுத்தைக் கோத்து, அதிலிருந்து குழிவான அச்சு எடுத்து, கந்தகம் கலந்த இரப்பரை அதன்மேல் அழுத்தி ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் வேகவைத்தால், எழுத்து மேடாக எழும். அதனை மரப்பிடியில் ஒட்டினால் முத்திரை ஆயத்தம். மலேசியத் தமிழர் இதனைச் சாப்பு என்பர். இந்தியில் சாப்பு, மலாயில் சாப். ஆங்கிலேயரும் கீழ்த்திசையில் அச்சொல்லையே எடுத்தாண்டனர். கடல் வழியாகப் பொருள் மட்டும் வருவதில்லை என்பதற்கு இச்சிறு சொல் போதுமான சான்று.

மரமும் கடல் கடந்து வந்ததே. 1876இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். முளைத்த கன்றுகளுள் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூரை அடைந்தன; சில கோலகங்சாரில் நடப்பெற்றன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி மரத்தைக் கொல்லாமற் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். தோட்டங்கள் பெருகின, ஆள் வேண்டியதாயிற்று.

அவ்வாட்கள் வந்த கடல் வாழ்த்து மடலில் வரையும் கடல் அன்று. திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து பெயர்ந்தவர்களுட் பலர் உள்நாட்டுப் புன்செய் மக்கள். கங்காணியுடன் நாகப்பட்டினத்திற்கோ ஆவடி முகாமிற்கோ வந்து சேர்ந்தபோதுதான் அவர்களுட் பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். அதன்பின் கப்பலின் திறந்த தளத்தில் நாள்கணக்காகக் கிடந்து, பினாங்கிலோ சுவெட்டன்காம் துறைமுகத்திலோ இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பின்னரே தோட்டத்தைக் கண்டனர். 1901இல் திறக்கப்பெற்ற அந்தத் துறைமுகமே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையும் உதவிபெற்ற குடியேற்றமும் 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றன. 1926இல் கட்டப்பட்ட இரஜூலா கப்பலின் பெயர் இரண்டு தலைமுறைத் தமிழரின் நினைவில் ஊர்ப்பெயர்போல் ஒட்டிக்கொண்டது.

எழுத்தறியாதார் கடலைக் கடந்தது கைநாட்டின் துணையால் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்திய அந்த நீள்வட்டமே அவர்தம் முத்திரை. அதன் அருகில் அதிகாரியின் இரப்பர் முத்திரை விழும். இரண்டிற்கும் மை ஒன்றே. ஆயினும் ஒன்று கட்டுப்பட்டவரின் அடையாளம், மற்றொன்று கட்டுப்படுத்தியவரின் அடையாளம். 1948இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் அடையாள அட்டை புகுத்தப்பட்டபோதும் பெருவிரல் மீண்டும் மைக்குட் சென்றது. விடுதலைக்குப் பின், குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சிவப்பு அடையாள அட்டையுடன் தோட்டங்களில் உழைத்த பல்லாயிரம் தமிழர் அதனை அடுத்த ஆண்டுகளில் நாகைக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். தாளில் ஒரு முத்திரை விழுந்ததா, விழவில்லையா என்பதே ஒரு குடும்பம் கடலின் எக்கரையில் வாழும் என்பதைத் தீர்மானித்தது. கணவன் இங்கும் மனைவி அங்குமாகவும், தமையன் அங்கும் தம்பி இங்குமாகவும் பிரிந்த வீடுகள் உண்டு. அவற்றை இணைத்தது அஞ்சல் ஒன்றே.

வாழ்த்து மடல் அஞ்சலின் பிள்ளை. இலண்டனில் 1843இல் என்றி கோல் என்பார் ஓவியர் ஆர்சுலி வாயிலாக முதல் கிறித்துமசு மடலை அச்சிடச் செய்ததற்கு, 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சல் வழிவகுத்தது. தமிழர் அவ்வழக்கத்தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆக்கிக்கொண்டனர். சிவகாசி அச்சகங்கள் குத்துவிளக்கும் கரும்பும் பொங்கற்பானையும் வண்ணத்தில் அடித்துக் குவித்தன. கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்த பிறகு, மலாயா முழுவதும் தைப்பொங்கல் மொழிவிழாவாகவும் மலர்ந்தது. மலேசிய இல்லங்களில் வந்த மடல்களை நூலிற் கோத்துச் சுவரில் தோரணமாகத் தொங்கவிடுவது நெடுநாள் வழக்கம். எத்தனை மடல் வந்தது என்பது அவ்வீட்டின் உறவுக் கணக்கு. கைப்பேசி வந்தபின் தோரணம் மெலிந்தது. அதனாலேயே இன்று கையால் செய்த மடலுக்கு மதிப்பு மிகுந்துள்ளது.

கடைமடலில் அரிதாகத் தோன்றும் கடல், கைம்மடலில் எளிதாக வருகின்றது. முத்திரைக் கலையின் இயல்பே அதற்குத் துணை. அலை என்பது ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவது. ஓர் அலை முத்திரை போதும், கடல் முழுவதும் வந்துவிடும். மையில் ஒருமுறை தோய்த்து முதல் அடியைத் தாளின் கீழ்ப்புறம் இடவேண்டும். மீண்டும் மை தொடாமல் அதற்கு மேலே இரண்டாம் அடி, அதற்கும் மேலே மூன்றாம் அடி. மை குறையக் குறைய அலை வெளிறும். வெளிறிய அலை தொலைவில் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். அடிவானத்திற்கு ஒரு தாளைக் கிழித்து மறைப்பாக வைத்து, அதன் விளிம்பின்மேல் மையொற்றினால் கரைக்கோடு ஒழுங்கற்று அழகாக விழும். கத்தரியால் வெட்டிய மறைப்பு இங்கு உதவாது; கடலுக்கு நேர்கோடு பொருந்தாது. விரைவில் உலரும் சாய மை மெல்லிய கோட்டிற்கு நன்று. மெதுவாக உலரும் நிறமி மை தடித்த கிளிஞ்சலுக்கு நன்று. முத்திரையை அழுத்தியபின் அசைக்காமல் நேரே தூக்கவேண்டும். ஆட்டினால் மீனுக்கு இரண்டு வால் முளைக்கும்.

கடையில் வாங்காமல் தாமே செதுக்க விரும்பும் மாணவர் அழிப்பானை எடுக்கின்றனர். அதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று கடைகளில் விற்கும் வெள்ளை அழிப்பான்களுட் பெரும்பாலானவை நெகிழியால் ஆனவை. இரப்பர் என்று பிள்ளைகள் அழைக்கும் அப்பொருளில் இரப்பர் இல்லை. செதுக்குவதற்கு அது மென்மையாக இருப்பது உண்மையே. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி ஒற்றினால் வரும் பூவை நட்சத்திர மீனாக்கும் தந்திரமும் பள்ளிக் கலைப்பாடத்தில் பழகியதே.

எழுத்து முத்திரையில்தான் தமிழாசிரியர்க்கு வேலை. எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் நேராகத் தெரிவதே சரியான முத்திரை. ரகரம் எளிது. ழகரத்தின் வளைவிற் கத்தி வழுக்கும். ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தைத் தோண்டுவது பொறுமைக்குச் சோதனை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன், ணை, னை முதலியவற்றின் துதிக்கை போன்ற கொம்பைச் செதுக்க நேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 'வாழ்த்துக்கள்' என ஒற்று மிகுமா, 'வாழ்த்துகள்' என மிகாதா என்ற வழக்கில், செதுக்குவோர் பின்னதன் பக்கமே சாய்வர். ஓர் எழுத்துக் குறைகின்றதே!

நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் மரபு. பிரிந்தோர்க்கு அனுப்பும் மடலில் கடல் வருவதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டியதில்லை. ஆனால், சிறுவர் கையில் அம்மடல் இரங்கலோடு நிற்பதில்லை. மீன் முத்திரை கிட்டாத பிள்ளைகள் பெருவிரலையே மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் ஒற்றுகின்றனர். நீள்வட்டமாக விழுந்த இரேகைக்கு ஒரு புள்ளி கண்ணாகிறது, இரு கோடுகள் வாலாகின்றன. இரேகையின் வரிகளே செதில்கள். ஐந்தாறு விரல்கள் பட்டால் மீன்கூட்டம். தோட்டத்துப் பேரேட்டில் கைநாட்டாக விழுந்த அதே வடிவம், அந்தப் பேரேட்டைக் கண்டறியாத பேரப்பிள்ளைகளின் தாளில் நீந்துகிறது.

மடலை உறையில் இடுமுன் மை நன்கு உலரவேண்டும். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் நிறமி மைக்கு ஓரிரவு தேவைப்படலாம். மெய்யான கிளிஞ்சலை ஒட்டி அனுப்புவோரும் உண்டு. அஞ்சல் நிலையத்து முத்திரை உறைமேல் விழும்போது அது உள்ளேயே நொறுங்கும். முத்திரைக் கிளிஞ்சலே கடலைப் பத்திரமாகக் கடக்கும்.