லோடு, கண்டெய்னர், கொஞ்சம் பேர்க்குழப்பம்

"ஏங் கண்ணு, லோடுங்கற, கண்டெய்னருங்கற. அப்ப நம்ம லாரி ஆபீஸ் வேலைதானே பாக்கற?"

போன பொங்கலுக்கு நாமக்கல் போனபோது பெரியப்பா கேட்டது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "இல்லீங்க பெரியப்பா" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

(தெரியாதவர்களுக்கு: கிளஸ்டர் என்பது கண்டெய்னர்கள் ஓடும் சர்வர் கூட்டம். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை அதற்குள் பிரித்து அனுப்பும் வாசல்தான் லோட் பேலன்சர். சோதனைக்கு ஒரு கிளஸ்டர், நிஜத்துக்கு ஒன்று என்று பல இருந்தாலும், வாசல்கள் எல்லாம் கிளவுட் கணக்கில் ஒரே பட்டியலில் வரிசையாய் நிற்கும்.)

அந்தப் பட்டியலில்தான் ஒரு ராத்திரி கோட்டை விட்டேன். பில்லைக் குறைக்க, சும்மா கிடக்கும் சோதனை லோட் பேலன்சர்களை அழிக்கிற வேலை. எல்லாப் பேரும் 'ஏ' என்று ஆரம்பிக்கும், பின்னால் புரியாத 31 எழுத்து. ஒன்றை அழித்தேன். அது நிஜ கிளஸ்டருடையது! மறுபடி உருவாக்கியதற்கு டிஎன்எஸ் முகவரி வேறு. அதை எல்லா இடத்திலும் மாற்றி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. எந்த கம்பெனி, எந்த கிளவுட் என்பதெல்லாம் வேண்டாமே :-)

அந்த 'ஏ' எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தோண்டினேன். குபெர்னெட்டிஸை கூகிள் அறிவித்தது 2014 ஜூனில், 1.0 வந்தது 2015 ஜூலையில். அமேசானின் லோட் பேலன்சர் அதற்கும் மூத்தது, 2009. அங்கே பேர் 32 எழுத்தைத் தாண்டக்கூடாது. குபெர்னெட்டிஸ் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தரும் அடையாள எண்ணில் கோடுகளை எடுத்துவிட்டால் மிச்சம் சரியாக 32. ஆனால் கூகிள் கிளவுடில் பேர் சின்ன ஆங்கில எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் முன்னால் ஒரு 'ஏ'. 33 ஆயிற்றா, கடைசி எழுத்தை வெட்டிவிட்டார்கள்! மெஷினுக்குச் சரி. மனுஷனுக்கு?

அசூரின் ஏகேஎஸ் நேர் எதிர். எந்த கிளஸ்டரைத் திறந்தாலும் லோட் பேலன்சர் பேர் 'குபெர்னெட்டிஸ்'தான். எங்க தெருவில் பாதி வீட்டில் பழனிச்சாமி இருக்கிற மாதிரி.

அமேசானுக்குப் பின்னால் வந்த கன்ட்ரோலர் கொஞ்சம் தேவலை. 'கே8எஸ்', நேம்ஸ்பேஸில் 8 எழுத்து, பேரில் 8, ஹாஷ் 10, நடுவே 3 கோடு. கூட்டிப் பாருங்கள், அதே 32. ஆனால் கிளஸ்டர் பேரை ஹாஷுக்குள் போட்டு அரைத்துவிட்டார்கள். ஒரே ஆப் இரண்டு கிளஸ்டரில் ஓடினால் வித்தியாசம் அந்தக் கடைசிப் பத்து எழுத்தில் மட்டும். எந்த கிளஸ்டர் என்று டேக்கைத் திறந்துதான் பார்க்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் டேக் பார்க்கிறார்கள்?

பெரியப்பா சொன்னது இங்கேதான் ஞாபகம் வந்தது. நம்ம ஊர் லாரி நெற்றியில் 'முருகன் துணை' எத்தனை வண்டியில் இருக்கும்! யாரும் குழம்புவதில்லை. நம்பர் பிளேட்டில் முதலில் மாநிலம், அடுத்து ஆபீஸ், அப்புறம்தான் வண்டி எண். டிஎன் 28 நாமக்கல், 34 திருச்செங்கோடு (ரிக் வண்டிக்காரர்கள்), 52 சங்ககிரி. வண்டி எந்த ஊரில் நின்றாலும் எங்கிருந்து வந்தது என்று பிளேட்டே சொல்லிவிடும்.

இப்போது அனோட்டேஷனில் நாமே பேர் வைக்கலாம். அதிலும் ஒரு வம்பு உண்டு. ஒரே யாமல் கோப்பைக் காப்பியடித்து, அதே கணக்கில், அதே ரீஜனில் இன்னொரு கிளஸ்டருக்குப் போட்டால் பேர் மோதும். அதனால் நான் வைக்கும் பேரில் முதலில் ப்ராட் அல்லது டெஸ்ட், ஒட்டினாற்போல் கிளஸ்டர் எண், கடைசியில்தான் ஆப் பேர்.

நிஜ கிளஸ்டருக்கு எண் 28. சோதனைக்கு 34. ஏன் என்று டீமில் இதுவரை யாரும் கேட்கவில்லை.