பெஞ்சில் இருந்தவன் எழுதும் கூடைப்பந்துக் கதை

நம் கல்லூரி கூடைப்பந்து அணியில் நான் நான்கு வருஷம் இருந்தேன் என்றால் என் செட் நண்பர்கள் சிரிப்பார்கள். "இருந்தே சரி, ஆடினியா?" என்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு அரையிறுதியில் நம் சென்டருக்குக் கணுக்கால் பிசகியது. "போடா, இறங்கு" என்றார் கோச். அதுவரை நான் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்; ஷூ லேஸ்கூடக் கட்டவில்லை. பன்னிரண்டு புள்ளி முன்னிலை பத்தே நிமிடத்தில் போயிற்று. ஒரு அணியைத் தாங்குவது ஒருவனா, பன்னிரண்டு பேருமா என்று அன்று ராத்திரி ஹாஸ்டலில் விவாதம். எல்லோரும் என்னைப் பார்த்தபடியே பேசினார்கள்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்க என்.பி.ஏ. வரலாற்றில் ஒரே மனிதர் இரண்டு பதில் வைத்திருக்கிறார். 2024-இல் காலமான பில் வால்டன். இவரை வைத்துக்கொண்டுதான் போர்ட்லேண்ட் அணி 1977-இல் பட்டம் வென்றது. இறுதிச்சுற்றில் முதல் இரண்டு ஆட்டம் தோற்று, அடுத்த நான்கையும் ஜெயித்தார்கள். மறு சீசனில் முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றி! அப்போது வால்டனுக்குக் காலில் அடி. மீதி 22-இல் எட்டுதான் ஜெயித்தார்கள். மொத்தம் 82-இல் 58 ஆட்டமே ஆடியும், அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. அணியில் வேறு சிலரும் காயப்பட்டிருந்தார்கள் என்பதால் பழியை முழுக்க அவர் கால்மேல் போடக்கூடாது. ஆனாலும் கணக்கு கணக்குதானே.

அந்தக் கால் அவரை விடவில்லை. மூன்று முழு சீசன்கள் ஆடவே முடியவில்லை. 1985-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு வந்தார், பெஞ்சில் உட்கார! ஆறாவது ஆள் என்பதையே ஒரு பதவியாக்கியது ரெட் ஆவர்பாக்கின் பாஸ்டன்தான். 1950-களில் ஃப்ராங்க் ராம்சேயை அப்படி வைத்திருந்தார். பாரிஷ் ஓய்வெடுக்கப் போனால் வால்டன் இறங்குவார். எதிரணி சென்டருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆட்டத்துக்குச் சராசரியாக இருபது நிமிடம்கூட இல்லை, ஆனால் 80 ஆட்டங்கள் ஆடினார். 67 வெற்றி, 15 தோல்வி. சொந்த மைதானக் கணக்கில் ஒரே ஒரு தோல்வி. 1986-இல் பட்டம், வால்டனுக்குச் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது. அடுத்த சீசனில் மறுபடி காயம், லீக் ஆட்டங்களில் பத்துதான் ஆடினார். களைத்துப்போன பாஸ்டன் 1987 இறுதிச்சுற்றில் லேக்கர்ஸிடம் தோற்றது.

சந்திப்பு நாளன்று பழைய மாணவர்கள் ஆட்டத்துக்குப் போட்ட பட்டியலில் என் பெயர் பன்னிரண்டாவது. லேஸை முதலிலேயே கட்டிக்கொண்டு வருகிறேன்.