மன்னார்க் கரையும் மலையக லயமும்: இலங்கையின் கள்ளக்குடியேற்றத் தடுப்புப் படை, 1952–1981

துணைப்படை என்பது, நிலையான இராணுவத்தைப் போன்று ஆயுதமும் கட்டுக்கோப்பும் பெற்றிருந்தும், போர்க்களத்துக்கென அன்றி எல்லைக் காவல், கடத்தல் தடுப்பு, உள்நாட்டு அமைதி போன்ற பணிகளுக்கென நிறுத்தப்படும் படையாகும். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் பாகிஸ்தானியப் படைகள் நடத்திய தாக்குதலுக்குப் பின்னர், அதுவரை மாநிலங்களின் ஆயுதப் பொலிஸ் அணிகளிடம் சிதறிக் கிடந்த எல்லைக் காவலை இந்தியா ஒருமுகப்படுத்தி, கே. எஃப். ருஸ்தம்ஜியைத் தலைவராகக் கொண்டு, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி எல்லைப் பாதுகாப்புப் படையை நிறுவியது. வேறெந்த நாட்டுடனும் நிலத்தில் எல்லையைப் பகிராத இலங்கை, அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, தன் இராணுவத்தின் ஒரு பகுதியை எல்லைக் காவலுக்கென வடமேற்குக் கடற்கரையில் நிறுத்தியிருந்தது. இந்தியா அண்டை நாட்டின் படையை எதிர்பார்த்து எல்லையைக் காத்தது. இலங்கையோ பிழைப்புத் தேடித் தோணியில் வந்திறங்கும் ஏழையைத் தடுப்பதற்காகக் காத்தது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் அப்படையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. அதன் முகாம்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தபோதிலும், அது காத்த எல்லை ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை, டயகம எனக் கடலையே காணாத தேயிலைத் தோட்டங்களின் ஊடாகவும் சென்றது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

மன்னார்க் கரைக்கும் அத்தோட்டங்கள் அமைந்த மலையகத்துக்குமான தொடர்பு இப்படையுடன் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், அவை நோயால் அழிந்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தமிழகத் தொழிலாளர், இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகளில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து வடபாதை எனப்பட்ட காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் அவ்வழியில் பலியானோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கி, இரு கரைகளிலும் இரயில் பாதை இணைந்தபின், நடைபயணம் முடிவுக்கு வந்தது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, செல்லவேண்டிய தோட்டத்தைக் காட்டும் தகரத் துண்டான ‘டின் டிக்கட்’டைக் கழுத்தில் தொங்கவிட்டவாறு அவர்கள் கப்பல் ஏறினர். அக்காலத்தில் இக்கடல் இரு நாடுகளைப் பிரிக்கும் எல்லையாக அன்றி, ஒரே பேரரசின் தொழிலாளர் சந்தைக்குள் அமைந்த துறையாகவே இருந்தது. ஆள் வருவதைத் தடுப்பதற்கு மாறாக, ஆள் போதாமற் போய்விடக்கூடாது என்பதே அரசினதும் தோட்டத்துரைமாரினதும் கவலையாக இருந்தது.

இந்நிலையை முதலில் மாற்றியது இந்திய அரசேயாகும். அரச திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியரை வெளியேற்ற இலங்கை அரசாங்கம் முற்பட்டமைக்கு எதிர்வினையாக, 1939 ஆகஸ்ட் 1 முதல், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்தியா தடைசெய்தது. சுதந்திரத்தின் பின் இலங்கை தன் பங்குக்குக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 குடிசனக் கணக்கெடுப்பின்படி சுமார் 7,80,000 பேராக இருந்த இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவ்வாண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், விசாவோ அனுமதியோ இன்றி நாட்டுக்குள் வருவதைக் குற்றமாக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகள் அல்லாதோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றெடுத்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட 1952இல் எஞ்சவில்லை. இவ்வுரிமை மறுப்பை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் கொழும்பில் காங்கிரஸ் தொடங்கிய சத்தியாக்கிரகம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. வடகரையில் இராணுவம் காவலுக்கு நிறுத்தப்பட்டதும் அதே 1952இல்தான். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை வரலாற்று நூல்களில் அரிதாகவே சேர்த்துப் பேசப்படுகிறது.

1949 அக்டோபரில் நிறுவப்பட்ட இலங்கை இராணுவத்துக்கும் 1950 டிசம்பரில் தோன்றிய அரச கடற்படைக்கும் கிடைத்த முதல் நீண்டகாலப் பணிகளுள் ‘ஒப்பரேஷன் மொண்டி’ எனப் பெயரிடப்பட்ட அவ்வடகரைக் காவல் நடவடிக்கை முதன்மையானது. பாக்கு நீரிணையின் புவியியலே அதன் அமைப்பைத் தீர்மானித்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. வாடைக்காற்றின் சீற்றம் அடங்கிய காலத்தில் ஓர் இரவுக்குள் தோணி கடந்துவிடும். ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளும் ஆழம் குறைந்த கரைநீரும் பெரிய கப்பல்களை அண்டவிடாதவை. ஆகவே கடற்படை வெளிக்கடலில் ரோந்து சுற்ற, இராணுவ அணிகள் மன்னார், ஆனையிறவு, யாழ்ப்பாணக் குடாநாடு ஆகிய பகுதிகளிலிருந்து கரையோரத்தைக் கண்காணிக்க, பிடிபட்டோரைப் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் பொறுப்பேற்றுத் திருப்பியனுப்பும் முறை உருவானது. போருக்கெனப் பயிற்றப்பட்ட சிப்பாய்கள், எதிரிப் படையொன்று இல்லாத கரையில், பொலிஸாருக்கும் சுங்கத்துக்கும் உரிய வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தனர். பெயரளவில் இராணுவமாக இருந்தபோதிலும் பணியளவில் அது துணைப்படையாகவே இயங்கியது.

தோணியேறி வந்தோர் யாவர் என்ற வினாவுக்கு அக்கால அரசியல் மேடைகள் ஒரே விடையைத்தான் வைத்திருந்தன: புதிதாகத் தீவுக்குள் புகும் அந்நியர். நிலைமை அவ்வளவு எளியதன்று. புதிதாகப் பிழைப்புத் தேடி வந்தோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், மலையகத்தில் பல்லாண்டு வாழ்ந்து, தாய்தந்தையைப் பார்க்கவோ, கலியாணம் காட்சிக்கோ, குலதெய்வத்துக்குப் பொங்கலிடவோ ஊருக்குப் போய், திரும்பி வருவதற்கான பத்திரம் கிடைக்காமல் நின்றோரும் அவர்களிடையே இருந்தனர். மேற்பார்வையாளரான கங்காணியே ஊரிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி முறையின் காலத்தில் ஊருக்குப் போய் வருவது தோட்ட வாழ்க்கையின் இயல்பான பகுதியாக இருந்தது. தோட்டத்துக்குப் புது ஆள் சேர்க்கும் வழியும் அதுவே. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் எனவும், இடையில் ஓராண்டுக்கு மேற்பட்ட பிரிவு தொடர்ச்சியை முறிக்கும் எனவும் விதித்தபோது, அதே ஊர்ப்பயணம் அவர்களுக்கு எதிரான சாட்சியமாயிற்று. 1951 ஆகஸ்ட் மாத முடிவுத் திகதிக்குள் சுமார் 8,24,000 பேரை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. 1960களின் முற்பகுதி வரை அவர்களுள் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

கடலோரக் காவலை மலையகத்துக்குள் கொண்டுவந்த ஆவணம் 1954 ஜனவரி 18இல் இரு நாட்டுப் பிரதமர்களிடையே கையெழுத்தான நேரு–கொத்தலாவல உடன்படிக்கையாகும். கள்ளக்குடியேற்றத்தை ஒடுக்க இரு அரசுகளும் உறுதிபூண்டதே அதன் முதற் பொருள். அதனினும் பாரதூரமானது அடுத்து வந்த ஏற்பாடு. வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் அனைவரும் புதிதாகப் பதியப்படுவர் எனவும், அப்பதிவு முடிந்த பின்னர் இடாப்பில் பெயர் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருப்பின், அவர் இந்தியாவிலிருந்து சட்டவிரோதமாக வந்தவர் என ஊகிக்கப்பட்டு நாடுகடத்தப்படலாம் எனவும் அது கூறியது. சட்டத்தில் ஊகம் என்பது, எதிர்மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை உண்மையெனக் கொள்ளப்படும் நிலை. அதாவது, தோணியிலிருந்து இறங்கும்போது பிடிபட்டவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வியை, பேசும் மொழியை வைத்து, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான எந்த லயத்து வாசலிலும் கேட்பதற்கு அது இடமளித்தது. குற்றம் செய்ததை அரசு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. செய்யவில்லை என்பதைத் தொழிலாளியே மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள்மீது இப்பளுவைச் சுமத்தியதற்கு அநீதி என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது.

டயகமவை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் தெளிவாகும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையின் கடைக்கோடியில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்த தோட்டப்பகுதி அது. அங்கு ஆயுதந்தாங்கிய அமைப்பு என்றால் நெடுங்காலம் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது, ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு 1900இல் அமைக்கப்பட்டு 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையே. எல்லைக் காவற்படை அவ்வளவு உயரத்துக்கு ஏறி வரவேண்டிய தேவை இருக்கவில்லை. தோட்டத்து ஆபிசிலிருந்த தொழிலாளர் பதிவேடான செக்ரோல் புத்தகமும், பிறப்புப் பதிவுத் துண்டும், ‘தற்காலிக வதிவிட அனுமதி’ எனும் காலவரையறைக்குட்பட்ட பத்திரமும் அதன் வேலையைச் செய்தன. தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் நாள்தோறும் பெயர் சொல்லி வேலைக்கு அனுப்பப்பட்ட ஒருவர், அதே பெயரின் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மறு பத்திரத்தில் வேறுவிதமாகவும் அமைந்துவிட்டால், தான் தானே என நிறுவ முடியாமல் நின்றார்.

இங்கு ‘கள்ளத்தோணி’ என்னும் சொல்லின் பயணமும் கவனத்துக்குரியது. தமிழில் அது முதலில் அனுமதியின்றிக் கடல் கடக்கும் படகைக் குறித்தது. பின்னர் அப்படகில் வந்த ஆளைக் குறித்தது. சிங்கள மொழி அச்சொல்லை அப்படியே கடன்வாங்கி, வந்த விதம் எதுவாயினும் இந்திய வம்சாவளியினர் அனைவருக்கும் இடும் வசைப்பெயராக்கியது. துயரத்துக்குரியது, வட கிழக்குத் தமிழர் சிலரும் ‘தோட்டக்காட்டான்’ என்பதோடு இதையும் சேர்த்து மலையகத்தாரைக் குறிக்கப் பயன்படுத்தியமையாகும். கரையில் பிடிபட்டோர் சிலரே. பெயரோ, மூன்று தலைமுறைகளுக்கு முன் அரசின் முத்திரையுடன் மண்டபம் வழியாக வந்தோரின் பேரப்பிள்ளைகள்மீதும் ஒட்டிக்கொண்டது. படையொன்று கரையில் இடைவிடாது நிறுத்தப்பட்டிருந்தமையே அவ்வசைக்கு ஓர் அரச அங்கீகாரத்தைத் தந்தது எனக் கருத இடமுண்டு. ஆபத்து இல்லாவிடின் இராணுவம் எதற்கு என்று எண்ணுவது சாதாரண மக்களுக்கு இயல்பு.

1963இல் மொண்டி நடவடிக்கை விரிவாக்கப்பட்டு, ‘கள்ளக்குடியேற்றத் தடுப்புச் செயலணி’ என்ற பெயருடன், ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கையால் ‘டாஃபி’ என வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களிடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாக, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். உள்ளே வருவோரைத் தடுக்கும் படை ஒருபுறமும், உள்ளே இருப்போரை அனுப்பும் ஒப்பந்தம் மறுபுறமுமாக ஒரே கொள்கையின் இரு கைகள் இயங்கின. இந்திய வம்சாவளியினர் பற்றிய அச்சமோ ஆளும் கட்சிகளுடன் நிற்கவில்லை: 1971இல் அரசுக்கெதிராகக் கிளர்ந்த மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினர்க்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது, தோட்டத் தொழிலாளரை அவ்வகுப்பு அவ்விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகக் காட்டியது.

வடக்கில் படையின் பணி மெல்ல உருமாறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பாக்கு நீரிணையில் பொருட் கடத்தலைப் பெருக்க, ஆள் தேடிய ரோந்து பொருளும் தேடலாயிற்று. 1961இல் தமிழரின் மொழியுரிமைக்காக, மாவட்ட நிர்வாக அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரி முன் நடந்த சத்தியாக்கிரகத்தை அவசரகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம் கலைத்தபின், கரையோர முகாம்களை அயலூர் மக்கள் கள்ளக்குடியேற்றத் தடுப்புக்கு மட்டும் உரியனவாகப் பார்க்கவில்லை. இரு நாடுகளுக்கிடையே பாக்கு நீரிணையில் கடல் எல்லைக்கோடு உடன்படிக்கை மூலம் வரையப்பட்டது 1974 ஜூனில்தான். காவல் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே காக்கப்படும் கோடு வரைபடத்தில் ஏறியது. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறி, ஆண்டிறுதிக்குள் தமிழ் ஆயுதக் குழுக்களை ஒழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டபோது, கடலை நோக்கியிருந்த படையின் பார்வை முழுமையாக நிலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1981இல் டாஃபி கலைக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் தலைமன்னார் இறங்குதுறை எதிர்த்திசையில் ஒரு பெரும் பயணத்தைக் கண்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள் தலவாக்கலை, ஹட்டன், நானுஓயா நிலையங்களில் இரயிலேறின. வழியனுப்ப வந்தோரின் அழுகுரல் நிலையம் தோறும் எழுந்தமையால் அவ்வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது. பாட்டன்மார் வந்திறங்கிய மன்னார்க் கரையிலிருந்து பேரர்கள் தங்கள் தகரப் பெட்டிகளுடன் கப்பலேறினர். கொடுக்கப்பட்ட விசாவின் காலம் முடிந்தும் போக மனமின்றித் தோட்டத்தில் தங்கியோர் பொலிஸாரின் தேடுதலுக்கு உள்ளாயினர்.

1984இல் போர்ச் சூழலால் கப்பல் சேவை நின்றது. அனுப்பப்பட வேண்டியோர் பட்டியலில் இருந்த பலர் தோட்டங்களிலேயே தங்கினர். 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஒரு பகுதியினருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. எஞ்சியோருக்காக 2003இல் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜையாகும் உரிமை உடையவர் என்றது. அதன் அளவுகோலாக அமைந்தது, அவர்களைக் கேளாமலே இரு பிரதமர்களும் அவர்களைப் பங்கிட்டுக் கையெழுத்திட்ட அந்த நாள்.