தயங்கித் தொடங்கிய வழக்கம்: பிரிட்டனின் நினைவு அஞ்சல் தலைகள்

உலகின் முதல் ஒட்டு அஞ்சல் தலையான ‘பென்னி பிளாக்’ 1840 மே மாதம் லண்டனில் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஒரு நிகழ்வை நினைவுகூரும் தலையை வெளியிட பிரிட்டனுக்கு மேலும் 84 ஆண்டுகள் ஆயின. இடையில் அமெரிக்கா 1893இல் கொலம்பஸ் வரிசையை ஐந்து டாலர் வரை விலை வைத்து விற்றே முடித்துவிட்டது.

1924 ஏப்ரல் 23இல் வெம்ப்ளி பேரரசுக் கண்காட்சிக்காக இரண்டு தலைகள் வந்தன. ஹரால்ட் நெல்சன் வரைந்த சிங்கம் அவற்றில் உறுமியது. மறு ஆண்டு கண்காட்சி தொடர்ந்தபோது ஆண்டெண்ணை மட்டும் மாற்றி அதே தலைகளை மீண்டும் அச்சிட்டார்கள். 1929இல் அஞ்சல் ஒன்றிய மாநாட்டுக்கு நெல்சனே வரைந்த ஒரு பவுண்டு தலை வெளியானது. டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜின் அந்தக் கருநிறத் தலை இன்றும் சேகரிப்பாளர்களின் கனவு. அன்று உள்நாட்டுக் கடிதக் கட்டணம் ஒன்றரைப் பென்னி. அந்த ஒரு தலையின் விலையில் 160 கடிதங்கள் அனுப்பலாம். சாதாரணச் சேகரிப்பாளர் அதை வாங்கத் தயங்கியதில் வியப்பில்லை.

1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாத் தலைகள் வெளிவந்தபோது தபால் துறையின் தவறு ஒன்று சேகரிப்பாளர்களுக்குப் புதையலானது. வண்ணச் சோதனைக்காக ‘பிரஷ்ய நீலத்தில்’ அச்சிட்ட இரண்டரைப் பென்னித் தாள்கள் மூன்று, வடக்கு லண்டனின் எட்மண்டன் பகுதி அஞ்சலகத்தில் விற்பனைக்குப் போய்விட்டன. தாளுக்கு 120 வீதம் மொத்தம் 360 தலைகள்.

அரச குடும்பம், மாநாடு, கண்காட்சி என்ற வட்டத்தைத் தாண்ட தபால் துறைக்கு மனமில்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு 1956இல் சோவியத் ஒன்றியம் தலை வெளியிட்டது. 1959இல் அவருடைய இருநூற்றாண்டு வந்தபோதோ, சொந்த நாட்டின் தபால் துறை மறுத்துவிட்டது. மாஸ்கோ செய்ததை லண்டன் செய்யவில்லை என்று ஸ்காட்லாந்து குமுறியது நியாயமே. அரசர் அல்லாத ஒருவர் பிரிட்டிஷ் தலையில் முதலில் இடம்பெற்றது 1964இல்தான், அவர் ஷேக்ஸ்பியர். பர்ன்ஸ் 1966 வரை காத்திருந்தார்.

உண்மையான திருப்பம் 1964 அக்டோபரில் டோனி பென் தபால் அமைச்சரானபோது நேர்ந்தது. முக்கிய ஆண்டு விழாக்கள், உலகுக்கு பிரிட்டனின் பங்களிப்பு, கலை வளர்ச்சி எனப் பொருள்களை அவர் விரித்தார். ஓவியர் டேவிட் ஜென்டில்மேனோ, அரசியின் பெரிய தலை படத்துக்கு இடமே விடுவதில்லை என்று அமைச்சருக்கு எழுதினார். பிரிட்டிஷ் தலைகளில் நாட்டின் பெயர் இருக்காது. அன்று அரசியின் முகமே அடையாளம். 1965 மார்ச்சில் பென் அரசியைச் சந்தித்து, அரசியின் முகமில்லாத மாதிரிகளை அரண்மனைத் தரையில் விரித்துக் காட்டினார். முகம் நீங்கவில்லை, 1966இல் ஓரத்தில் ஒரு சின்ன நிழலுருவாகச் சுருங்கியது. நினைவுத் தலைகளின் அழகு அன்றுதான் தொடங்கியது என்பேன்.

எண்ணிக்கையும் பெருகியது. 1965இல் மட்டும் ஒன்பது வெளியீடுகள். உலகக் கோப்பையை வென்றதும் 1966 ஆகஸ்டில், ‘இங்கிலாந்து வெற்றியாளர்கள்’ என்ற வாசகத்தைச் சேர்த்து ஒரு தலையை மறுபடி வெளியிட்டார்கள். 1969 ஆகஸ்டில் காந்தி நூற்றாண்டுத் தலை வந்தது. பிமன் முல்லிக் வடிவமைத்த அதில், பிரிட்டிஷ் அஞ்சல் தலையில் இடம்பெற்ற முதல் வெளிநாட்டுத் தலைவரானார் காந்தி.

சேகரிப்பாளரைப் பொருட்படுத்தாத துறை, 1963இல் அவர்களுக்கென்றே தனிப் பணியகம் திறந்தது. 1964 முதல் விளக்க அட்டையுடன் கூடிய உறைகளையும் விற்றது. முதலீடு என்று நம்பிப் பலர் முழுத் தாள்களாக வாங்கி அடுக்கினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியது அரிதாவதெப்படி? 1971இல் தசம நாணயம் வந்தபின் வெளியான நினைவுத் தலைகளில் பெரும்பாலானவற்றை வணிகர்கள் முகவிலைக்கும் குறைவாகவே விற்கிறார்கள். 2023இல் பார்கோடு இல்லாத சாதாரணத் தலைகள் செல்லாமல் போயின. நினைவுத் தலைகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே ஐம்பதாண்டு பழைய ஆல்பத்துத் தலைகளை ஒட்டி இன்றும் பிரிட்டனில் கடிதம் அனுப்பலாம்.