ரிம்பா கியாராவின் 12 ஏக்கர்

ரவாங்கிலிருந்து பழைய ஈப்போ சாலையில் கோலாலம்பூர் நோக்கிப் போனால் காஞ்சிங் அருவியும் டெம்ப்ளர் வனப்பூங்காவும் வழியிலேயே வரும். 1950களில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெரால்ட் டெம்ப்ளர் காலத்தில் ஒதுக்கப்பட்ட காடு அது. அதிகாரம் நினைத்தது, காடு பிழைத்தது. தலைநகரின் தாமான் ரிம்பா கியாராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றப் படியேறி மீட்டார்கள்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டியிருக்கும் அந்த 25 ஏக்கர் பூங்கா ஒரு காலத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். நம்மவர்கள் விடியுமுன் பால்மரம் சீவிய மண். 1980களில் அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்டதும் தொழிலாளர்கள் ரூமா பாஞ்சாங் வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். நிரந்தர வீடு வரும்வரை தற்காலிகம் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் தோட்ட நிலத்தில் கோல்ஃப் மன்றம் வந்தது, குதிரையேற்ற நிலையமும் வந்தது. தோட்டத்து மக்களுக்கு மட்டும் வீடு வரவில்லை.

2017 ஜூலையில் கோலாலம்பூர் மேயரான டத்தோ பண்டார் ஒரு மேம்பாட்டு ஆணை வழங்கினார். பூங்காவின் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கோபுரங்கள், 1,766 அடுக்ககங்கள். கூடவே 29 மாடிக் கட்டடத்தில் 350 மலிவு விலை வீடுகள். வரிசை வீட்டுக் குடும்பங்களுக்கும் அதில்தான் இடம். ஏழைக்கு வீடு என்ற நியாயத்தின் நிழலில் ஆடம்பரக் கோபுரங்கள் எழ இருந்தன. பூங்கா வேண்டும் என்றவர்கள் ஏழைக்கு எதிரிகளாகக் காட்டப்பட்டதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு வீடு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வரிசை வீடுகள் இருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

அடுக்கக நிர்வாகக் கழகங்களும் குடியிருப்பாளர் சங்கமும் தொடுத்த வழக்கு 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்தை உறுதிசெய்தது. தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அந்தத் தீர்ப்பின் கனம் ஒரு பூங்காவோடு நிற்பதில்லை. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020 அந்த இடத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் குறித்திருந்தது. மக்கள் கருத்தைக் கேட்டு வகுத்த திட்டம் அது. திட்டமிடும் அதிகாரி அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், விலகினால் காரணம் காட்ட வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது. பக்கத்து நில உரிமையாளர்கள் தம் தரப்பைச் சொல்லும் உரிமையும், பாதிக்கப்படும் குடியிருப்பாளர்கள் வழக்காடும் தகுதியும் வலுப்பெற்றன. நலமுரண் கேள்வியும் எழுந்தது: கோபுரங்கள் கட்டும் திட்டத்தில் பங்குகொண்ட கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் அறங்காவலர் குழுவில் டத்தோ பண்டாரே இருந்தார். எந்த ஊரில் திறந்தவெளிக்கு ஆபத்து வந்தாலும், அங்குள்ள சங்கம் முதலில் புரட்ட வேண்டிய தீர்ப்பு இது.

தீர்ப்பு வந்த நாளிலும் வரிசை வீட்டுக் குடும்பங்களின் கையில் வீட்டுச் சாவி இல்லை. பூங்கா தப்பிய பிறகு, மரங்களைக் காரணம் காட்டி அந்த வாக்குறுதியை இனியும் தள்ளிப்போட யாருக்கும் வழியில்லை.