பெற்றோரின் நோயேட்டிலிருந்து பிள்ளைகளின் பரிசோதனைக்கு: இளவயது நீரிழிவை முன்கூட்டிக் கண்டறிதல்

தொற்றா நோய்களைத் தடுப்பதற்கான இந்தியாவின் தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. அதன்கீழ் நடக்கும் மக்கள்தொகை அளவிலான பரிசோதனை 30 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. அந்த வயதை எட்டாத ஒருவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப்படுவது பெரும்பாலும் தற்செயலாகவே நடக்கிறது: வேலையில் சேர மருத்துவச் சான்று கேட்டபோது, அறுவை சிகிச்சைக்கு முன்பு, பெண்ணாக இருந்தால் கர்ப்பம் தரித்தபோது. இந்த வயது வரம்பைக் குறைக்கலாமா என்று மருத்துவ வட்டாரங்களில் விவாதம் நடக்கிறது. அமெரிக்காவில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அனைவருக்குமான பரிசோதனை வயதை 2022இல் 45இலிருந்து 35ஆகக் குறைத்தது. நம் நாட்டில் வரம்பை 25 என்றோ 20 என்றோ மாற்றுவதால் பெரிய பயன் விளையாது என்றே கருதுகிறேன். இளவயதில் வயது ஒரு பலவீனமான அளவுகோல். அந்தப் பருவத்தில் நீரிழிவுக்கு ஆளாகக்கூடியவர்களை அடையாளம் காட்டும் வலுவான தகவல் அவர்களுடைய பெற்றோரின் சிகிச்சைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தேடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இளவயது நீரிழிவு அவ்வளவு பொருட்படுத்தத்தக்கதா என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். உயர் வருமானம் உள்ள 19 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 15 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு 2023இல் வெளியானது. அமெரிக்க இறப்பு விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, 50 வயதில் நீரிழிவு கண்டறியப்பட்டவர் நோய் இல்லாதவரைவிடச் சராசரியாக 6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார். 40 வயதில் கண்டறியப்பட்டவருக்கு இந்த இழப்பு 10 ஆண்டுகள், 30 வயதில் கண்டறியப்பட்டவருக்கு 14 ஆண்டுகள். நோயோடு வாழும் காலம் நீள்வது இதற்கு ஒரு காரணம். இளவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்கள் விரைவாகத் தேய்வது மற்றொன்று. ரத்த அழுத்தமும் இதே திசையையே காட்டுகிறது. அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலானோரை 1985இல் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய கார்டியா ஆய்வின் 2018ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, 40 வயதுக்கு முன்பே இரண்டாம் நிலை உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய, ரத்தநாள நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் உடற்கூறாய்வு முடிவுகள் 1953இலேயே வெளிவந்துவிட்டன. சராசரி வயது 22 மட்டுமே இருந்த அவர்களில் 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. மாரடைப்பு 50இல் வரலாம். அதற்கான சேதம் 20களிலேயே தொடங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இன்டியாப்’ (INDIAB) ஆய்வு, 20 வயது நிறைந்தோரில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். தடுப்பதற்கு இன்னும் இடம் இருக்கிற மக்கள் அவர்கள்.

இவர்களில் இளைஞர்களை எப்படி இனங்காண்பது? நம்மிடம் எளிய, மலிவான கருவி ஒன்று இருக்கிறது. சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனமொன்றில் மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும் உருவாக்கி 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோரின் நீரிழிவு ஆகிய நான்கை மட்டும் கேட்டு நூற்றுக்கு மதிப்பிடுகிறது; 60ஐ எட்டினால் அதிக அபாயம். நாடு முழுவதும் பயன்படும் நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் இளைஞருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 34 வயதான ஆண் ஒருவர். இடுப்புச் சுற்றளவு 95 செ.மீ.; நாள் முழுதும் உட்கார்ந்து செய்யும் வேலை, உடற்பயிற்சி கிடையாது; தாய்க்கு நீரிழிவு. இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, தாய்க்கு 10, வயதுக்குச் சுழியம். ஆகக் கூடுதல் 50. அவர் அதிக அபாயப் பட்டியலில் வரமாட்டார். அடுத்த பிறந்தநாளில் 35 ஆனதும் வயதுக்கு 20 மதிப்பெண் சேர்ந்து 70 ஆகிவிடும். ஒரே இரவில் அவர் உடலில் எதுவும் மாறிவிடவில்லை. தாய், தந்தை இருவருக்கும் நோய் இருந்து, உடல் உழைப்பும் இல்லாத 28 வயதுக்காரர், இடுப்பு 90 செ.மீ.க்குள் இருந்தால், அவரும் 50இல் நின்றுவிடுகிறார். இது கருவியை உருவாக்கியவர்களின் பிழையன்று. முழு வளர்ந்தோர் தொகையிலும் நோய் எங்கே அதிகம் என்று கண்டுபிடிக்க அமைந்த கருவியில் வயதின் எடை கூடத்தான் செய்யும். அதே கருவியை இளையோர் மத்தியில் பயன்படுத்தினால், தேடப்பட வேண்டியவர்களையே அது விட்டுவிடும். இளையோருக்கு வயதை நீக்கிவிட்டுப் பெற்றோரின் நோயை முதல் வடிகட்டியாக வைக்க வேண்டும்.

பெற்றோரின் நோய் மரபணுவின் செய்தியை மட்டும் சொல்வதில்லை. ஒரே அடுப்பில் சமைத்த உணவு, ஒரே தெருவின் நடைபாதையின்மை, ஒரே வருமானம் என்று ஒரு குடும்பத்தின் சூழல் முழுவதையும் அது தனக்குள் சுமந்திருக்கிறது. தென்னாசியர்கள் குறைந்த உடல் எடையிலேயே நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதால்தான் நமக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று கொள்ளப்படுகிறது. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இளைஞரைத் தோற்றம் காப்பாற்றிவிடுவதாக நினைப்பது தவறு. அவருடைய பெற்றோரைக் கேட்டால் அந்தத் தவறு திருத்தப்படும். பெற்றோரைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் நீரிழிவு, உயர் ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு நோய் என்ற பதிவேடு கையில் இருக்கிறது. அந்த வீட்டின் 18 வயது நிறைந்த பிள்ளைகளை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லி அழைக்கும் ஒரு நடவடிக்கையே இங்கு முன்வைக்கப்படுவது.

இதற்கு எதிரான முதல் மறுப்பு அறிவியல் அடிப்படையிலானது. முன்கூட்டிய பரிசோதனை உயிரைக் காக்கிறது என்பதற்குச் சான்று எங்கே? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் நீரிழிவு அபாயம் உள்ள 40 முதல் 69 வயதினரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஏறத்தாழ 10 ஆண்டுகளில் பரிசோதனை இறப்பைக் குறைக்கவில்லை. டென்மார்க்கில் 30 முதல் 60 வயதினரைப் பரிசோதித்து வாழ்முறை ஆலோசனை வழங்கிய இன்டர்99 ஆய்விலும் 10 ஆண்டு முடிவில் இதய நோய் குறையவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரு நாடுகளிலும் ஒப்பீட்டுக் குழுவினருக்கும் குடும்ப மருத்துவர் இருந்தார். பரிசோதனைக்கு அழைக்கப்படாவிட்டாலும் நோய் விரைவிலேயே அவர் கண்ணில் பட்டுவிடும். 25 வயதினருக்கு 10 ஆண்டு என்பது பலனை அளக்கப் போதாத காலமும்கூட. நோய் வருவதைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கோ சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை ஏற்புத்திறன் குறைந்த 531 பேரில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் நீரிழிவாளர் ஆயினர். உணவும் உடற்பயிற்சியும் மாற்றியவர்களில் இது 39.3 விழுக்காடு. அவர்களும் 35 முதல் 55 வயதினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 30க்குக் கீழே இதற்கு நிகரான சான்று நம்மிடம் இல்லை. ஆகவே திட்டத்தை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் அறிவிக்காமல், சில ஒன்றியங்களில் முன்னதாகவும் சிலவற்றில் பின்னதாகவும் தொடங்கி ஒப்பிட வேண்டும். சான்று இல்லாத இடத்தில் சான்றை உண்டாக்கும்படி திட்டத்தை வடிவமைப்பது அரசுக்குக் கூடுதல் செலவில்லாத காரியம்.

இரண்டாவது மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். தேடினால் எதுவும் கிடைக்கும், கிடைப்பதெல்லாம் நோயாகாது. தென்கொரியாவில் மலிவான அல்ட்ராசவுண்ட் பரவியதும் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 1993க்கும் 2011க்கும் இடையில் 15 மடங்கானது. அந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை மாறவேயில்லை. தைராய்டை இழந்து வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்குவோர் மட்டும் பல்லாயிரக்கணக்கில் கூடினர். நம் ஊரில் இளைஞர்களுக்கு விற்கப்படும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பொதிகளும் இதே வழியில்தான் போகின்றன. அறிகுறி எதுவுமற்ற 24 வயதினருக்குப் புற்றுநோய்க் குறிப்பான்களும் வைட்டமின் அளவுகளும் பார்ப்பதில் நன்மையைவிடத் தீங்கே அதிகம். ஆகவே இங்கு கோரப்படும் பரிசோதனை மிகக் குறுகியது: இடுப்பு, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை. அறிகுறி இல்லாத ஒருவருக்கு ஒரே சோதனையின் அடிப்படையில் நீரிழிவு என்று முத்திரை குத்தவும் கூடாது. இரண்டாவது சோதனையும் உறுதிசெய்ய வேண்டும்.

எந்தச் சோதனை என்பதில் இளையோருக்குத் தனிச் சிக்கல் உண்டு, அதிலும் பெண்களுக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வசதியானது. வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணை உள்ளதைவிட உயர்த்திக் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதாவது பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் இந்தச் சோதனையை ரத்தசோகையைக் கணக்கில் கொள்ளாமல் படிக்க முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ, உணவுக்குப் பின் மட்டும் ஏறும் ஆரம்ப நிலையைத் தவறவிடுகிறது. தென்னாசியரிடம் இந்த நிலை அரிதன்று. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே இவர்களுக்கு ஏற்றது. காத்திருக்க வேண்டுமே என்று தயங்குவார்கள். ஆனால் நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு இது புதிதல்ல, மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால் கர்ப்பிணிகளுக்கு இந்த முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கர்ப்பிணிகளின் பதிவேடும் நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மற்றொரு செல்வம். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2009இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போதெல்லாம் அந்தத் தாய் நிலையத்தின் வாசலுக்கு வந்து போகிறாள். அவளுக்குச் சர்க்கரை பார்க்காமல் அனுப்புவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

சமூகம் சார்ந்த மறுப்பு இவற்றைவிடக் கனமானது. திருமணம் ஆகாத பெண்ணுக்குச் சர்க்கரை என்று ஊரில் தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் கற்பனையல்ல. ஆண்களுக்கும் அது ஓரளவு உண்டு. தன்னார்வலரும் அதே ஊர்க்காரர். ஆகவே அவர் வேலை அழைப்புச் சீட்டைக் கொடுப்பதோடு நிற்க வேண்டும். அளப்பதும் ரத்தம் எடுப்பதும் முடிவைச் சொல்வதும் நிலையத்தில், சம்பந்தப்பட்டவரிடம் தனியாக மட்டுமே. முடிவு தன்னார்வலரின் பதிவேட்டில் ஏறக் கூடாது. பெற்றோருக்கும் இதே உரிமை உண்டு. தன் நோயைப் பிள்ளைகளிடம் சொல்லாத தந்தைமார் இருக்கிறார்கள். அவர் சம்மதிக்காமல் அவர் பிள்ளைக்குச் சீட்டு போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டால் சிலர் விடுபடுவார்கள். நம்பிக்கையை இழந்து எல்லோரையும் இழப்பதைவிட அது மேல்.

ஏற்கெனவே கண்டறிந்தவர்களையே சரியாகக் கவனிக்க முடியாதபோது புதியவர்களை ஏன் சேர்க்க வேண்டும் என்பாரும் உண்டு. தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயதினரிடம் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் நீரிழிவாளரில் 10.8 விழுக்காட்டினருக்கும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவரில் 7.3 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. வெட்கப்பட வேண்டிய எண்கள்தாம். ஆனால் இந்த இளையோரில் பெரும்பாலானவருக்குத் தேவைப்படப்போவது மருந்தும் படுக்கையும் அல்ல. உணவு, உடற்பயிற்சி, ஆண்டுக்கொரு முறை மறுபரிசோதனை. உண்மையான இடர் வேறொன்று. பதிவேடு கிராமத்தில் இருக்கிறது. பிள்ளைகளோ திருப்பூரின் பின்னலாடை ஆலையிலோ ஸ்ரீபெரும்புதூரின் விடுதியிலோ இருக்கிறார்கள், பகலில் விடுப்பும் கிடைக்காது. சீட்டு அவர்கள் கைப்பேசிக்குப் போக வேண்டும். தொழிற்பகுதி நிலையங்கள் மாலையிலும் ஞாயிறன்றும் திறந்திருக்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 537 ஆண்களுக்குக் குறுஞ்செய்தி வழியாக அறிவுரை அனுப்பி நடத்திய சோதனையில் நீரிழிவு வரும் வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது என்று 2013இல் வெளியிட்டார்கள். தொலைவில் இருப்பவரையும் எட்ட முடியும் என்பதற்கு அதுவே போதிய ஆதாரம்.

தன்னார்வலரின் மாதாந்தரப் பதிவேட்டில், நோயாளி சம்மதித்தால் நிரப்புவதற்கு, 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயருக்கும் கைப்பேசி எண்ணுக்கும் ஒரு பத்தி சேர்த்தால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரு மாவட்டத்தில் தொடங்கி, வந்தவர் எத்தனை பேர், புதிதாகக் கண்டறியப்பட்டவர் எத்தனை பேர், ஓராண்டுக்குப் பின்னும் தொடர்பில் இருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கை ஒன்றியவாரியாக வெளியிடும்படி பொதுச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.