வெடிமருந்துக் கிடங்கிலிருந்து வானொலி வண்டி வரை

ஸ்ரீரங்கப்பட்டணம் வரும் நம்மவர்கள் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த ஓவியத்தில் இருப்பது நம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போர். 1780இல் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை அங்கே ஹைதர், திப்பு இருவரிடமும் தோற்றது. நடுவில் கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மருந்தைத் திறந்த வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்று திப்புவுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தத் தீவில் அவர் காலத்து மருந்துக் கிடங்குகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக, பாதி மண்ணுக்குள் இறங்கி நிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

அவற்றுள் ஒன்று பெங்களூர் - மைசூர் இரட்டை ரயில் பாதைக்குக் குறுக்கே நின்றது. 'இடிச்சுத் தள்ளிட்டுப் போனா என்ன?' என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் 2017 மார்ச்சில் அடித்தளத்தின் கீழே தோண்டி, இரும்பு உத்தரங்களைச் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கி, கட்டடத்தை முழுசாக நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். போருக்குக் கட்டியது, போர் முடிந்து இரு நூற்றாண்டு கழித்துப் பயணப்பட்டது.

இன்றைய ராணுவத்தின் காப்பறை பிறப்பிலேயே பயணத்துக்கானது. அமெரிக்க ராணுவத்தின் எஸ்-280 என்ற 'ஷெல்டர்' சுமார் 12 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள பெட்டி. இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையே நுரைப் பொருள் அடைத்த சுவர். லாரி முதுகில் ஏற்றி வானொலிக் கருவிகளை உள்ளே பொருத்துவார்கள். ராணுவம் கழித்துவிட்டபின் இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கி நடமாடும் நிலையமாக்குவது அங்குள்ள ஹாம் வானொலி அன்பர்களுக்குப் பிடித்த வேலை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி வானொலிப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்த நாளிலிருந்தே தொடரும் பழக்கம் இது.

வேலை எளிதன்று. ராணுவ வண்டியின் மின்சாரம் 24 வோல்ட். ஹாம் கருவிகளுக்கு வேண்டியது 12 வோல்ட் அளவு. ஆகவே இடையில் ஒரு மாற்றி வேண்டும். அலுமினியப் பெட்டி ரேடியோ அலையை மறைக்கும். எனவே ஆன்டெனா வெளியேதான் நிற்க வேண்டும், கேபிள் அதற்கென்று அமைத்த தகடு வழியாகவே வர வேண்டும். இடி மின்னலுக்கு எர்த் கம்பி, ஜெனரேட்டருக்குத் தனி இழுவை வண்டி, மேலே கனம் ஏறி வண்டி கவிழாதபடி எடைக் கணக்கு என்று எல்லாம் பார்க்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேர் மேலே சென்று திரும்பி, பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தை எட்டும். மைசூரிலிருந்து சென்னையோடு பேச இது போதும். நடுவில் செல்போன் கோபுரம் எதுவும் வேண்டாம்.

'செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?' என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியால் அந்தமானின் தொலைபேசிகள் செயலிழந்தன. ஹாம் ஒலிபரப்புக்காக முன்பே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் தீவிலிருந்து செய்தி அனுப்பினார்கள். அந்தமானில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது நமக்குத் தெரியும். இங்கிருந்த சொந்தங்கள் தவித்துக் கிடந்தபோது அந்தச் செய்தி எவ்வளவு பெரியது! ஆனால் அவர்கள் அங்கே இருந்தது தற்செயல். தற்செயலை நம்பியிருக்கலாமா என்பதே என் கேள்வி.

கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி நீர் திறந்துவிடப்படும்போது இந்தத் தீவின் இரு கைகளிலும் காவிரி பெருகுகிறது. இந்த மைசூரில்தான் 1935இல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 30 வாட் கருவியோடு தம் வீட்டிலிருந்தே வானொலி நடத்தி, 'ஆகாசவாணி' என்ற பெயரையும் நாட்டுக்குக் கொடுத்தார். பெரிய நிதியோ பெரிய நிறுவனமோ வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

நமக்கு அமெரிக்கப் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. ஏலத்துக்கு வரும் பழைய வேன் ஒன்று போதும். அதைவிட முதலில் வேண்டியது ஆள். நம் சங்கத்துப் பிள்ளைகளில் பத்துப் பேர் ஹாம் தேர்வு எழுதி உரிமம் பெறட்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். வண்டி பிறகு வரும். மருந்தைக் காக்கக் கட்டிய அறையை நகர்த்திக் காப்பாற்றிய ஊரில், செய்தியைக் காக்க ஓர் அறை நகர்ந்து வருவது பொருத்தம்தானே!